கொழுந்தனாரைத் தனிக்குடித்தனம் வைப்பது எப்படி

திருச்சியில் தனிக்குடித்தனம் என்றால் புதிதாகக் கல்யாணமானவர்கள் போவது. பால் காய்ச்ச நாலு பேர் போவோம். மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஒரு மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும். நான் தென்னாப்பிரிக்காவில் இருக்கும் டர்பனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஏற்பாடு செய்த தனிக்குடித்தனம் வேறு மாதிரி. போனவர் என் கொழுந்தனார். வயது 41, டவுன் சிண்ட்ரோம் உள்ளவர். போன இடம் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை: டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வயதான தம்பதியின் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அவுட்பில்டிங். ஒரு அறை, மூலையில் சமையல் மேடை, சின்னக் குளியலறை, தெருப்பக்கம் தனி கேட். நாலு வருஷம் ஆகிறது.

மாமியார் இருந்தவரை ஒரே கேள்விதான் கேட்பார்: "எனக்கப்புறம் இவனுக்கு யார்?" சொந்தத்தில் எல்லோரும் வைத்திருந்த பதில் இரண்டு. ஒன்று அண்ணன் வீடு, இல்லாவிட்டால் ஹோம். இரண்டிலும் தம்பியைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, உண்மையைச் சொன்னால். நான் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன், அதனால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் என்னோடு பாடம் எடுக்கும் அம்மாவுக்கு 19 வயதில் இப்படி ஒரு மகன் இருக்கிறான். "நீ செய்ததை வரிசையாக எழுதிக் கொடு" என்று கேட்டார். வரிசை எனக்கு அவ்வளவாக வராது. ஆனால் செய்தது எல்லாம் நினைவிருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். தனியாக வாழ்வது என்றால் எல்லா வேலையையும் தானே செய்வது என்று நினைத்துத்தான் குடும்பங்கள் பயந்து பின்வாங்குகின்றன. எனக்குக் கார் டயர் மாற்றத் தெரியாது. வருமான வரிப் படிவம் நிரப்பத் தெரியாது. அதற்காக என்னை யாரும் ஹோமில் சேர்க்கவில்லை, அந்த வேலைக்கு ஆள் வைத்துக்கொள்கிறேன். தம்பிக்கும் அப்படித்தான். எங்கே இருப்பது, என்ன சாப்பிடுவது, யாரை உள்ளே விடுவது என்பதை அவர் சொல்ல வேண்டும். முடியாததற்கு ஆள் வர வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு சொல்வதும் இதுதான்: எங்கே, யாரோடு வாழ்வது என்று மற்றவர்களைப் போலவே அவர்களும் தேர்ந்தெடுக்கலாம், அதற்கு வேண்டிய ஆதரவு அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். தென்னாப்பிரிக்கா 2007லேயே அதை ஏற்றுக்கொண்டது.

அந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்த நாடு பார்த்திருக்கிறது. 2016இல் கௌடெங் மாகாணத்தில் லைஃப் எசிதிமேனி என்ற மனநல இல்லங்களில் இருந்தவர்களை அவசர அவசரமாக வெளியேற்றி, தகுதியில்லாத இடங்களுக்கு அனுப்பினார்கள். "சமூகத்துக்குள் வாழ வைக்கிறோம்" என்பதுதான் அப்போது சொன்ன காரணம். போன இடங்களில் சாப்பாடு சரியில்லை, மருந்து இல்லை, பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இல்லை. 144 பேர் இறந்தார்கள். என் கணவர் அதைச் சொல்லியே இரண்டு வருஷம் என் வாயை அடைத்தார். அவர் பயத்தில் தப்பில்லை. அதனால்தான் நாங்கள் வீடு பார்ப்பதற்கு முன் ஒரு வருஷம் வேறு வேலைகள் செய்தோம்.

*கேட்பது*

தம்பி எதைக் கேட்டாலும் "யெஸ், அண்ணி" என்பார். தனியாக இருக்கிறாயா என்றால் யெஸ். எங்களோடு இருக்கிறாயா என்றால் அதற்கும் யெஸ். பெரியவர்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லியே வளர்ந்தவர் அவர். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளை அன்றோடு நிறுத்தினேன். படம் எடுத்தேன். ஜன்னலோரக் கட்டில், சாவிக்கொத்து, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை, டிவி முன்னால் அண்ணன், தனியாக ஒரு நாற்காலி, இப்படிப் பன்னிரண்டு. "உனக்கு வேண்டியதை இந்தப் பக்கம் வை" என்றேன். சாவிக்கொத்தை வைத்தார், கட்டிலை வைத்தார், அண்ணனையும் வைத்தார். நாலு நாள் கழித்துப் படங்களைக் கலைத்து மறுபடியும் கேட்டேன். கடைசியாகக் காட்டியதையே எடுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, அதனால் வரிசையை மாற்ற வேண்டும். சாவிக்கொத்து மறுபடியும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது.

படம் மட்டும் போதாது. ஒரு நாத்தனார் வீட்டில் மாடி அறை காலியாக இருந்தது. மாதம் ஒரு சனி, ஞாயிறு அங்கே தங்க வைத்தோம். முதல் தடவை இரவு பதினொரு மணிக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். நாலாவது தடவை வெள்ளிக்கிழமையே பையைக் கட்டி, மேலே ரேடியோவையும் வைத்து, வாசலில் உட்கார்ந்திருந்தார். லோட்டஸ் எஃப்எம் இல்லாமல் எங்கும் போகமாட்டார். கணவர் அந்தப் பையைப் பார்த்தபிறகுதான் வீடு பார்க்கச் சம்மதித்தார்.

*வீடு*

வாடகை குறைவு என்று தூரமாகப் போகாதீர்கள். ஒரு தாளில் அவர் வாரத்தில் போகும் இடங்களை எழுதுங்கள்: கடை, கோயில், கிளினிக், பஸ் நிறுத்தம், சீட்டாடும் இடம். எல்லாம் நடந்து போகும் தூரத்தில், பெரிய ரோட்டைக் கடக்காமல் இருக்க வேண்டும். எங்களுக்கு முதலில் கிடைத்த இடம் அழகானது, ஆனால் நடுவில் ஹைவே. விட்டுவிட்டோம்.

வீட்டுக்காரர்களிடம் என்ன சொல்வது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நோயின் பெயரையும் பிறந்ததிலிருந்து நடந்த கதையையும் சொல்ல வேண்டியதில்லை. மூன்று விஷயம் சொன்னோம். அவர் பேசுவது கொஞ்சம் குழறும், இன்னொரு தடவை சொல்லச் சொன்னால் சொல்வார். புது ஆட்கள் வந்தால் பயப்படுவார். ஏதாவது என்றால் இந்த இரண்டு எண்ணுக்குக் கூப்பிடுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது தம்பிதான். அதற்கு முன் ஒப்பந்தத்தில் இருந்ததை ஆறு படமாக வரைந்து விளக்கினேன். எனக்கு வரைய வராது, நான் போட்ட தண்ணீர்க் குழாய் யானை மாதிரி இருந்தது என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

சாவி மூன்று. ஒன்று அவரிடம். ஒன்று வீட்டுக்காரரிடம், ஒட்டிய உறையில். ஒன்று எங்களிடம். எங்களிடம் இருக்கும் சாவி ஆபத்துக்கு மட்டும். தட்டிவிட்டு, அவர் திறக்கும்வரை நிற்க வேண்டும்.

இதை நானே உடைத்தேன். குடிபோன இரண்டாம் மாதம் அவர் வேலைக்குப் போன நேரத்தில் திறந்துபோய், அலமாரியைச் சுத்தம் செய்து, துணியை மடித்து, காலாவதியான மார்ஜரினைத் தூக்கிப்போட்டு, பெருமையாக வந்துவிட்டேன். மறுநாள் போனால் கதவு திறக்கவில்லை. உள்ளே நாற்காலியைக் கதவுக்கு அண்டை கொடுத்து வைத்திருந்தார். "மை ஹவுஸ்" என்றார், இரண்டே சொல். மன்னிப்புக் கேட்டு ஒரு வாரம் கழித்துத்தான் உள்ளே விட்டார். நானாவது என் மாமியாரிடம் இப்படி நாற்காலி போட்டேனா? இல்லை. அந்தத் தைரியம் எனக்கு இருந்ததில்லை.

*சமையல், பின்னாலிருந்து*

எதையும் கற்றுக்கொடுக்கும்போது முதல் படியிலிருந்து தொடங்குவது நம் வழக்கம். அப்படித் தொடங்கினால் பாதியில் களைத்துப்போவார்கள், முடித்த சந்தோஷம் நமக்குத்தான் போகும். கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள். தம்பிக்குப் பிடித்தது டின் ஃபிஷ் கறி. இங்கே எல்லா வீட்டிலும் இருக்கும் பில்ச்சர்ட் மீன் டின், தக்காளிக் குழம்போடு. வேலையைப் பதினான்கு படியாகப் பிரித்தேன். முதல் வாரம் பதின்மூன்றையும் நான் செய்தேன், கொத்துமல்லித் தழையைத் தூவி அடுப்பை அணைத்தது அவர். "நான் செய்த கறி" என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டதும் அவர். அடுத்த வாரம் மீனைப் போடுவதிலிருந்து. அதற்கடுத்து தக்காளி. இப்படியே பின்னோக்கி வந்து வெங்காயம் நறுக்குவதற்கு மூன்று மாதம் ஆனது.

கடைசியாகக் கற்றது டின்னைத் திறப்பது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தசை தளர்வாக இருக்கும், விரல்கள் குட்டை. டின் மூடியின் வளையத்துக்கு அடியில் விரல் போகவில்லை. நான் திறந்து திறந்து கொடுத்தேன். ஒருநாள் என்னைத் தள்ளிவிட்டு, கரண்டிக் காம்பை வளையத்துக்குள் நுழைத்து, இன்னொரு கையால் டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு, கரண்டியைக் கீழே அழுத்தினார். டப் என்று சத்தம். குழம்பு சட்டையில் தெறித்தது. இப்போது டின்னைத் துணியில் வைத்து அழுத்துகிறார், சட்டை தப்பித்தது. அந்த வழி எந்தப் பயிற்சியாளருக்கும் தோன்றியிருக்குமா என்று தெரியாது. எனக்குத் தோன்றவில்லை.

கற்றுக்கொடுக்கும்போது உங்கள் வாய்தான் பெரிய இடைஞ்சல். என் கணவர் சமையலறைப் பக்கம் போகும்போதெல்லாம் "தம்பி, அடுப்பு!" என்று குரல் கொடுப்பார். நல்ல எண்ணத்தில்தான். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், தம்பி சமைத்து முடித்துவிட்டு அடுப்புப் பக்கத்திலேயே நிற்கிறார், அண்ணன் குரலுக்காக. அணைக்கத் தெரியாமல் நிற்கவில்லை. அணைப்பதற்கான அடையாளமே அந்தக் குரல் என்று ஆகிவிட்டது. அவுட்பில்டிங்கில் யார் குரல் கொடுப்பது? அதனால் சொல்லால் உதவுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சும்மா இருங்கள், மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பத்து ரொம்ப நீளமாக இருக்கும், எண்ணிப் பாருங்கள். நகரவில்லை என்றால் அடுத்த பொருளைக் கண்ணால் பாருங்கள். பிறகு விரலால் காட்டுங்கள். அதற்கும் மேல்தான் வார்த்தை. கையைப் பிடித்துச் செய்விப்பது எல்லாவற்றுக்கும் பிறகு, அதுவும் கேட்டுவிட்டு. அண்ணன் குரலுக்குப் பதில் இப்போது தக்காளி வடிவத்தில் ஒரு சமையல் கடிகாரம் மணி அடிக்கிறது. சுவரில் படங்கள் ஒட்டுவதானால் அவருடைய அடுப்பு, அவருடைய சட்டி, அவருடைய கையைப் படம் எடுத்து ஒட்டுங்கள். கடையில் விற்கும் கார்ட்டூன் படத்தில் இருக்கும் அடுப்பு அவர் அடுப்பு இல்லை.

மின்வெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லோட்ஷெடிங் உச்சத்தில் இருந்த காலத்தில் பாதிச் சமையலில் கரண்ட் போகும். ஆபத்து இருட்டில் இல்லை. இரண்டு மணி நேரம் கழித்துக் கரண்ட் திரும்பும்போது, அணைக்காமல் விட்ட மின்னடுப்பு யாரும் இல்லாத நேரத்தில் சூடாகும். அதற்கு ஒரு பழக்கம் செய்தோம்: விளக்குப் போனால் முதல் வேலை குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்புவது, இரண்டாவது வேலை அடுப்பின் மேல் சிவப்புத் துணியைப் போடுவது. குமிழைத் திருப்பாமல் துணி போடக்கூடாது. மெயின் ஸ்விட்சைச் சொல்லாமல் அணைத்து ஒத்திகை பார்த்தோம், இருபது தடவையாவது. மின்வெட்டு இப்போது குறைந்துவிட்டது, சிவப்புத் துணி இன்னும் ஆணியில் தொங்குகிறது.

*பணம்*

பள்ளி அறிக்கையில் "எண்ணத் தெரியாது" என்று எழுதியிருந்தார்கள். அதை நாங்கள் வேதவாக்காக வைத்திருந்தோம். இங்கே டர்பன் இந்தியர்கள் ஆடும் சீட்டாட்டம் ஒன்று உண்டு, துன்னி என்பார்கள். நம் தண்ணி என்ற சொல்தான் அப்படி ஆனது என்று சொல்கிறார்கள். அதில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. கோயில் மண்டபத்துக்குப் பின்னால் தாத்தாக்கள் ஆடும்போது தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் ஒரு தாத்தா தப்பாகக் கூட்டினார். தம்பி சீட்டைத் தட்டி, "நோ, தாத்தா" என்றார். 30, 20, 10 என்று விரலால் தொட்டுக் காட்டினார். அவருக்கு எண்ணத் தெரியும், யாரும் அவருக்கு வேண்டியதை எண்ணக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அதிலிருந்து பிடித்துக்கொண்டோம். ராண்ட் நோட்டுகள் நமக்கு வசதியானவை, நிறம் வேறு வேறு, முன்பக்கம் மண்டேலா, பின்பக்கம் விலங்கு. பத்து பச்சை, காண்டாமிருகம். இருபது பழுப்பு, யானை. ஐம்பது சிவப்பு, சிங்கம். நூறு நீலம், காட்டெருமை. இருநூறு ஆரஞ்சு, சிறுத்தை. தம்பிக்குக் கடைக்குக் காண்டாமிருகம் மட்டும்தான் கொடுத்தோம். கல்லாவில் "முப்பத்தேழு" என்றால், முப்பது என்று காதில் விழுந்ததற்கு மூன்று காண்டாமிருகம், சில்லறைக்கு இன்னொன்று. எப்போதும் ஒன்று கூட. மீதியைக் கடைக்காரர் தருவார், எண்ண வேண்டியதில்லை, பெட்டியில் போட வேண்டியதுதான். வாரக் கடைசியில் அந்தச் சில்லறையைப் போய் மாற்றிக்கொள்வார். இந்த ஒரு வித்தையில் ஒரு மாதத்தில் தனியாகக் கடைக்குப் போனார். செலவுக்கு ஏழு உறை, ஒரு நாளுக்கு ஒன்று. புதன் உறையைச் செவ்வாயே பிரித்து இரண்டு லிட்டர் கூல்டிரிங்க் வாங்குவார். புதனன்று ரொட்டியும் தேநீரும்தான். அதைச் சரிசெய்ய என் கை பரபரக்கும். செய்வதில்லை.

எல்லாத் தப்பையும் அப்படி விட முடியாது. ஒரு தடவை தெருவில் ஒருவன் இருநூறு ராண்ட் கடன் கொடுத்துவிட்டு, உதவித்தொகை அட்டையையும் ரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொண்டான். இப்படிக் கடன் கொடுப்பவர்களுக்கு இங்கே மஷொனிசா என்று பெயர், ஊரெல்லாம் இருக்கிறார்கள். மாதம் பிறந்து வாடகை கட்ட முடியாதபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அட்டையை ரத்து செய்து புதியது வாங்கினோம். கணவர் இனி அட்டை தன்னிடம் இருக்கட்டும் என்றார். மூன்று நாள் வீட்டில் சண்டை. முடிவில், பணம் வங்கிக் கணக்குக்கு வருகிற மாதிரி மாற்றி, வந்த இரண்டாம் நாள் வாடகை தானாகப் போகும்படி செய்தோம். மீதிக்கு அட்டை தம்பியிடமே. எண் மறந்துபோகாமல் இருக்க அதை ஒரு துன்னிக் கையாகச் சொல்லிக்கொடுத்தேன். என்ன கை என்று சொல்லமாட்டேன்.

*உதவித்தொகை, சட்டம்*

சுருக்கமாகச் சொல்கிறேன். 18 வயதுக்குக் கீழ், முழுநேரக் கவனிப்பு வேண்டிய பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு தொகை வருகிறது. 18 ஆனதும் அது நின்றுவிடும். அதன்பின் அவர்கள் பெயரிலேயே மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்குச் சாசா என்ற அரசு உதவித்தொகை அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இடையில் மாதங்கள் விடாமல் இருக்கப் பிறந்தநாளுக்கு முன்பே ஐடி எடுத்து, மருத்துவப் பரிசோதனைத் தேதி கேட்டுவிடுங்கள். 2025இல் அது மாதம் 2,300 ராண்டுக்குச் சற்று மேல். 60 வயதில் முதியோர் உதவித்தொகையாக மாறும். இன்னொருவரின் முழுநேர உதவி தேவைப்பட்டால் அதற்கு மேல் 500 ராண்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு தொகையும் உண்டு, கேட்டால்தான் தருவார்கள். வருமானமும் சொத்தும் பார்க்கிறார்கள். சம்பள வேலைக்குச் சேர்வதற்கு முன்பும், தாத்தா வீட்டில் பங்கு எழுதி வைப்பதற்கு முன்பும் விசாரித்துக்கொள்ளுங்கள். சொத்து விடுவதாக இருந்தால், மாற்றுத்திறனாளிகளுக்கென்று வருமான வரிச் சட்டத்தில் சிறப்பு டிரஸ்ட் என்ற ஏற்பாடு இருக்கிறது. வழக்கறிஞரைப் பாருங்கள். பவர் எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்: எழுதிக் கொடுத்தவர் புரிந்துகொள்ளும் திறனை இழந்தால் இந்த நாட்டுச் சட்டத்தில் பவரும் செல்லாது.

நீதிமன்றம் வழியாகச் சொத்துக்குக் காப்பாளர் போடும் வழியும் உண்டு. சிலருக்கு அது தேவைப்படும். ஆனால் அவசரப்படாதீர்கள். அப்படிப் போட்டபிறகு சொத்து விஷயங்களில் முடிவு அந்தக் காப்பாளர் கைக்குப் போய்விடும்.

*டாக்ஸி*

தம்பிக்கு வாரம் மூன்று நாள் ஒரு செடி நர்சரியில் வேலை. தொட்டியில் மண் நிரப்புவது. போக மினிபஸ் டாக்ஸி. நம் ஊர் ஷேர் ஆட்டோவை நாலாகப் பெருக்கிப் பாட்டை ஏற்றினால் அதுதான்.

முதல் இரண்டு வாரம் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்த இரண்டு வாரம் பின் சீட்டில், முன்பின் தெரியாதவள் மாதிரி. அப்புறம் கணவர் காரில் பின்தொடர்ந்தார். அப்புறம் இறங்கும் இடத்தில் மட்டும் நின்றார். பாதையைக் கற்பது சுலபமாக முடிந்தது. இரண்டு விஷயம்தான் கஷ்டம். ஒன்று, கண்டக்டர் இல்லாத வண்டியில் முன் சீட்டில் உட்காருகிறவர்தான் எல்லோர் காசையும் வாங்கி மீதி கொடுக்க வேண்டும். அதனால் முன் சீட்டில் உட்காரக்கூடாது என்பது தம்பியின் முதல் விதி. இரண்டாவது, இறங்கும் இடத்தைக் கத்திச் சொல்ல வேண்டும். மணி கிடையாது. இங்கே சிக்னல் விளக்குக்கு ரோபோ என்று பெயர். "ஆஃப்டர் ரோபோ!" என்று பாட்டுச் சத்தத்துக்கு மேல் கத்தினால்தான் ஓட்டுநர் நிறுத்துவார். பிறந்ததிலிருந்து "சத்தம் போடாதே" என்று அடக்கி வளர்த்த பிள்ளை. குரல் வரவில்லை. தினமும் மாலை கொல்லைப்புறத்தில் நின்று நானும் அவரும் "ஆஃப்டர் ரோபோ" என்று கத்தினோம். பக்கத்து வீட்டு நாய் கூடவே குரைக்கும். மூன்றாம் வாரம் டாக்ஸியில் அவர் போட்ட சத்தத்தில் ஒரு பாட்டி கையிலிருந்த பையை நழுவவிட்டாராம்.

வழி தவறினால் என்ன செய்வது என்பதையும் பழக்க வேண்டும். சொல்லி வைத்தால் போதாது, ஒரு தடவை வேண்டுமென்றே முந்தின நிறுத்தத்தில் இறக்கிவிட்டு, நான் கண்ணில் படாமல் நின்றேன். சட்டைப் பையில் ஓர் அட்டை: "என் பெயர் இது. எனக்கு வழி தெரியவில்லை. இந்த எண்ணுக்குக் கூப்பிட்டு என்னோடு நில்லுங்கள்." அதைக் கடைக் கல்லாவில் இருப்பவரிடமோ பிள்ளையோடு இருக்கும் அம்மாவிடமோதான் காட்ட வேண்டும். அவர் காட்டியது ஒரு சோளம் விற்கும் சூலு அம்மாவிடம். நான் போய்ச் சேரும்போது இருவரும் பெட்டிமேல் உட்கார்ந்து சோளம் தின்றுகொண்டிருந்தார்கள்.

*சுற்றி இருப்பவர்கள்*

முதல் ஆறு மாதம் தினமும் மாலை இரண்டு மணி நேரம் யாராவது போனோம். இப்போது திங்களும் வியாழனும் கணவர். புதன் காலை சம்பளத்துக்கு ஒரு சிசி (அக்கா என்பதற்கு இங்கே சொல்வது) வந்து துணி துவைக்கவும் கடைச் சாமான் பட்டியல் போடவும் கூட இருக்கிறார். கூட இருப்பதுதான் வேலை, துவைப்பது தம்பி. இரவு எட்டு மணிக்குத் தம்பி ஒரு 'ப்ளீஸ் கால் மீ' அனுப்புவார். காசில்லாமல் போகும் செய்தி அது. வந்தால் நலம் என்று அர்த்தம். எட்டரைக்குள் வராவிட்டால் நாங்கள் கூப்பிடுவோம், எடுக்காவிட்டால் வீட்டுக்காரரை, அதற்கும் மேல் நேரில். 112, 10111, 10177 என்ற அவசர எண்களைப் படத்தோடு கதவில் ஒட்டியிருக்கிறோம்.

குடும்பத்துக்கு வெளியே மூன்று பேராவது இருக்க வேண்டும். சம்பளமும் இல்லாமல், சொந்தமும் இல்லாமல். துன்னித் தாத்தாக்களில் இருவர் தானாகவே அப்படி ஆனார்கள். கோயிலில் எங்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. தைப்பூசத்தில் வருஷா வருஷம் காவடிக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலையைத் தம்பிக்குத் தருவார்கள். எல்லோரும் தட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். போன வருஷம் தானே காவடி எடுக்கிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்ல ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். பத்து நாள் விரதம் இருந்தார், மரக்கறி மட்டும், கூல்டிரிங்க்கூட இல்லாமல். அந்த வாரம் புதன் உறை புதன்கிழமைதான் பிரிந்தது.

உடம்பைப் பற்றி ஒன்று. இரண்டாம் வருஷம் எழுந்திருக்கவே மாட்டார், வேலைக்குப் போகமாட்டார், உடம்பு ஊதியது. சோம்பேறியாகிவிட்டார், தனியாக விட்டதுதான் தப்பு என்று சொந்தக்காரர்கள் முடிவு கட்டினார்கள். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அது சகஜம், வருஷம் ஒரு தடவை பார்க்க வேண்டும். காதும் கண்ணும் அப்படித்தான். நாற்பதுக்கு மேல் நினைவும் சீக்கிரம் தடுமாறலாம், அதனால் இப்போது என்னென்ன தானே செய்கிறார் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க. நடத்தை திடீரென்று மாறினால் முதலில் டாக்டர், அப்புறம் புத்திமதி.

இன்னொன்று, காதல். நர்சரியில் ஒரு தோழி இருக்கிறார். இதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், நானும் முதலில் பேசவில்லை. பிறகு கிளினிக்கில் ஒரு நர்ஸ் உட்கார வைத்து இருவருக்கும் உடம்பைப் பற்றியும், வேண்டும் வேண்டாம் என்று சொல்வதைப் பற்றியும் படம் காட்டி விளக்கினார். ஒரு மணி நேரம். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன்.

போன ஞாயிறு ரசமும் பொரியலும் டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டு போனேன். கேட்டைத் தாண்டும்போதே டின் ஃபிஷ் வாசனை. ரேடியோவில் பழைய பாட்டு. தட்டினேன். "ஹூ?" என்றார். "அண்ணி" என்றேன். உள்ளே ஒரு பெண் குரல் சிரித்தது. "பிஸி, அண்ணி" என்றார். மனதுக்குள் பத்து எண்ணினேன், கதவு திறக்கவில்லை. கேரியரைக் கைப்பிடியில் மாட்டிவிட்டுத் திரும்பினேன். எட்டு மணிக்குச் செய்தி வந்தது. நலமாகத்தான் இருக்கிறார், ஆனாலும் கூப்பிட்டேன். ரசத்தில் உப்புக் குறைவாம்.